பணி மாறினால் பணிக்காலம் என்னவாகும்? இந்திய அரசுத்துறை ஓய்வூதிய மாற்றத்தின் வரலாறு

ஓர் ஆசிரியர் 25 வயதில் மாநில அரசுப் பள்ளியில் சேர்கிறார். 9 ஆண்டுகள் பாடம் நடத்தியபின் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் தேர்வில் வெற்றி பெற்று, அங்கே 24 ஆண்டுகள் வேலை பார்த்து 58 வயதில் ஓய்வு பெறுகிறார். இரண்டையும் கூட்டினால் 33 ஆண்டுகள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மத்திய அரசின் கணக்கில் முழு ஓய்வூதியத்துக்குத் தேவைப்பட்டது சரியாக இந்த 33 ஆண்டுகள்தான். கடைசிப் பத்து மாதச் சராசரி ஊதியம் ரூ.6000 என்று வைத்துக்கொண்டால், அதில் பாதியான ரூ.3000 அவருக்கு மாத ஓய்வூதியம். ஆனால் பள்ளியில் கழித்த 9 ஆண்டுகளைச் சேர்க்க முடியாது என்று அலுவலகம் சொல்லிவிட்டால், 24ஐ 33ஆல் வகுத்த விகிதம்தான் கிடைக்கும்; ஓய்வூதியம் ரூ.2182 ஆகச் சுருங்கும். பணிக்கொடையும் பதினாறரை மாத ஊதியத்திலிருந்து 12 மாத ஊதியமாகக் குறையும். மாதம் 818 ரூபாய் இழப்பு என்பது ஒருமுறை வந்து போகும் இழப்பன்று. உயிருள்ளவரை தொடரும், அகவிலைப்படி உயர உயர அதுவும் உயரும்.

அந்த 9 ஆண்டுகள் கணக்கில் வருமா வராதா என்பதை முடிவு செய்வது அவர் உழைப்போ திறமையோ அல்ல. பள்ளியை விட்டு விலகும்போது கொடுத்த கடிதத்தில் என்ன எழுதினார், எந்த வகை அமைப்பிலிருந்து எந்த வகை அமைப்புக்குப் போனார், அந்த ஆண்டில் எந்தக் குறிப்பாணை நடப்பில் இருந்தது என்பவையே முடிவு செய்தன. இந்தியாவில் அரசுத்துறைகளுக்கிடையே ஓய்வூதிய உரிமையை எடுத்துச் செல்லும் ஏற்பாடு ஒரே சட்டமாகப் பிறக்கவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகளாக ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து அடைத்து உருவான ஒட்டுத்துணி அது. சில ஓட்டைகள் இன்னும் திறந்தே இருக்கின்றன.

கருணைத்தொகை என்ற கருத்தும் 418ஆம் பிரிவும்

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓய்வூதியம் ஊழியரின் உரிமையாகக் கருதப்படவில்லை. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் (அவ்வாண்டின் 23ஆம் சட்டம்) அரசு தரும் ஓய்வூதியம் தொடர்பான வழக்குகளை உரிமையியல் நீதிமன்றங்கள் நேரடியாக விசாரிப்பதைத் தடுத்தது. அதே சட்டம், கடன்காரர்கள் ஓய்வூதியத்தை முடக்க முடியாது என்ற பாதுகாப்பையும் தந்தது. கொடுப்பதும் நிறுத்துவதும் அரசின் விருப்பம். கொடுத்தபின் மற்றவர் கை வைக்கக் கூடாது. இதுதான் அந்தக் காலத்தின் மனப்போக்கு.

குடிமைப் பணி ஒழுங்குமுறைகள் எனப்பட்ட விதித்தொகுப்பும் இதே அடிப்படையில் அமைந்தது. ஓய்வு பெற்றபின்னும் நன்னடத்தை வேண்டும் என்பது அதில் உள்ளார்ந்த நிபந்தனை. பணி மாறுவோரின் கதையைத் தொடங்கிவைத்தது அத்தொகுப்பின் 418ஆம் பிரிவு. அதன் முதற்பகுதி, பதவி விலகியவரின் முந்தைய பணிக்காலம் முழுவதும் பறிபோகும் என்றது. பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கும் தானாக விலகியவருக்கும் இதில் வேறுபாடு இல்லை. கையாடல் செய்து வெளியேற்றப்பட்டவரும், மகனுக்கு உடல்நலமில்லை என்று வேலையை விட்டவரும் ஒரே வரியில் நின்றார்கள். இரண்டாம் பகுதி ஒரு சிறு கதவைத் திறந்தது. உரிய அனுமதியுடன், ஓய்வூதியத்துக்குக் கணக்கில் கொள்ளப்படும் இன்னொரு பணியை ஏற்பதற்காக ஒரு பதவியிலிருந்து விலகினால், அது அரசுப் பணியிலிருந்தே விலகியதாகாது என்றது.

பிற்காலத்து ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் வழித்தோன்றல்கள். 1972 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியக் குடிமைப் பணிகள் (ஓய்வூதியம்) விதிகளின் 26ஆம் விதி அதை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. ஆட்சி மாறியது, அரசமைப்பு மாறியது. விலகல் கடிதத்தின் விதி மாறவில்லை.

செலவு யார் தலையில்?

ஒருவர் இரு அரசுகளிடம் வேலை பார்த்தால் பணிக்காலத்தைக் கூட்டுவது எளிது. செலவைப் பிரிப்பதுதான் சிக்கல். மாகாணங்களுக்குத் தனி வரவு செலவு வந்தபின் இது பெரிய கணக்கு வேலையாக வளர்ந்தது. எத்தனை ஆண்டுகள் எந்த அரசிடம் பணியாற்றினாரோ அந்த விகிதத்தில் ஓய்வூதியச் செலவைப் பகிர்ந்துகொள்வது பொதுவான முறை. ஓர் எழுத்தர் சென்னை மாகாணத்தில் 11 ஆண்டும் மைய அரசில் 19 ஆண்டும் வேலை பார்த்திருந்தால், அவர் சாகும்வரை ஒவ்வொரு மாதத் தொகையும் 11க்கு 19 என்று பிரிக்கப்பட்டு, கணக்காயர் அலுவலகங்களுக்கிடையே சரிக்கட்டப்படும். அரசமைப்புச் சட்டத்தின் 290ஆம் உறுப்பு இத்தகைய ஓய்வூதியச் செலவுகளை ஒன்றியமும் மாநிலங்களும் தமக்குள் சரிசெய்துகொள்ள இடமளிக்கிறது. உடன்பாடு ஏற்படாவிட்டால் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி நியமிக்கும் நடுவர் தீர்மானிப்பார். ஓர் எழுத்தரின் ஓய்வூதியத்துக்கு அரசமைப்பில் ஓர் உறுப்பு தேவைப்பட்டிருக்கிறது என்பது வியப்பாக இருக்கலாம். ஆனால் நாடு முழுவதும் இப்படிப் பணியாற்றியவர்களைச் சேர்த்துப் பார்த்தால் தொகை சிறியதன்று.

ஊழியர் எங்கும் நகராமலேயே அரசு மாறியதும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மலபார் சென்னையிலிருந்து கேரளத்துக்குச் சென்றது. நாகர்கோவிலில் பணியிலிருந்த எழுத்தர் அதே மேசையில் அமர்ந்தபடி வேறொரு மாநிலத்தின் ஊழியரானார். மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, இப்படி ஒதுக்கப்பட்டவர்களின் பணி நிபந்தனைகளை மத்திய அரசின் முன்அனுமதியின்றி அவர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று காத்தது. ஆக, அரசு மாறினால் ஊழியர் தண்டிக்கப்படுவதில்லை. ஊழியர் தாமாக மாறினால் தண்டிக்கப்படுவார். இந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்வது கடினம். ஆனாலும் பின்னர் வந்த பல ஆணைகளிலும் இதுவே தொடர்ந்தது. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்களாக்கப்பட்டதும் இந்த முதல் வகையைச் சேர்ந்த மாற்றமே.

மத்திய, மாநில அரசுகளுக்கிடையே தற்காலிகப் பணிக்காலத்தையும் சேர்க்கலாம் என்று 1982 மார்ச் 31 நாளிட்ட குறிப்பாணை தெளிவுபடுத்தியது. பணி இடைவெளி இருக்கக் கூடாது, முந்தைய பணிக்கு வாங்கிய பணிக்கொடையைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பன நிபந்தனைகள். அதைவிட முக்கியமானது, ஓய்வு பெறும்போது எந்த அரசிடம் இருக்கிறாரோ அதுவே முழுச் செலவையும் ஏற்கும் என்ற முடிவு. இவர்களைப் பொறுத்தவரை, விகிதப்படி வசூலிக்கும் பழைய கணக்கு வேலை இல்லாமல் போனது. சிலர் இங்கிருந்து அங்கே போவார்கள், சிலர் அங்கிருந்து இங்கே வருவார்கள். மொத்தத்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை. முதல் பத்தியில் பார்த்த ஆசிரியர் முறையாக விலகியிருந்தால், மாநில அரசிடம் ஒரு பைசாகூடக் கேட்காமல் மத்திய அரசே அவருக்கு 33 ஆண்டுக்கும் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்.

பொதுத்துறை நிறுவனங்களின் காலம்

ஐந்தாண்டுத் திட்டங்களோடு புதுவகை முதலாளி ஒருவர் வந்தார். அரசுக்குச் சொந்தமான, ஆனால் அரசாக இல்லாத நிறுவனம். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், இந்துஸ்தான் ஸ்டீல், 1956இல் அமைந்த நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் என வரிசையாக வந்த இவற்றுக்கு அனுபவம் உள்ள பொறியாளர்களும் கணக்கர்களும் உடனே தேவைப்பட்டார்கள். அவர்கள் இருந்த இடம் பொதுப்பணித் துறை, இரயில்வே, தபால் தந்தி போன்ற அரசுத் துறைகள். முதலில் அயற்பணியில் அனுப்பினார்கள். அப்போது நிறுவனம் ஓய்வூதியப் பங்களிப்பை அரசுக்குச் செலுத்திவரும். ஊழியரின் பணிக்காலம் பாதுகாப்பாக இருக்கும். சில ஆண்டுகள் கழித்து நிறுவனம் அவரை நிரந்தரமாக ஈர்த்துக்கொள்ள விரும்பும்போதுதான் கேள்வி எழும். நிறுவனத்தில் ஓய்வூதியம் கிடையாது. வருங்கால வைப்பு நிதிதான் உண்டு. அரசில் உழைத்த 12 ஆண்டுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கண்டுபிடித்த விடை, விகிதாசார ஓய்வூதியம். ஈர்த்துக்கொள்ளப்படும் நாளில் அவர் ஓய்வு பெற்றதாகவே கருதி, அதுவரையிலான ஆண்டுகளுக்கு உரிய ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் அரசு கொடுத்துக் கணக்கை முடிக்கும். 1960களில் இதற்கான ஆணைகள் வந்தன. 1967 ஜூன் 16 நாளிட்ட குறிப்பாணை அவற்றுள் முக்கியமானது. பணிக்காலம் புதிய இடத்துக்கு வரவில்லை, ஆனால் அழியவும் இல்லை. பழைய இடத்திலேயே உறைந்து நின்று மாதாமாதம் சிறு தொகை தந்தது.

உறைந்து நிற்பதில் ஓர் இழப்பு உண்டு. 12ஆம் ஆண்டின் ஊதியத்தில்தான் அந்த ஓய்வூதியம் கணக்கிடப்படும். தொடர்ந்து அரசிலேயே இருந்திருந்தால் அந்த 12 ஆண்டுகளும் இறுதி ஊதியத்தின் மதிப்பைப் பெற்றிருக்கும். இறுதி ஊதிய முறையில் இளமையில் உழைத்த ஆண்டு ஒவ்வொன்றும் பதவி உயர்வோடு சேர்ந்து விலை ஏறுகிறது. வேலை மாறுகிறவருக்கு அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது.

1967 ஜூன் 16க்குப் பின் ஈர்க்கப்பட்டவர்களுக்கே அக்குறிப்பாணையின் பயன் என்ற வரம்பும் இருந்தது. அதற்கு முன்பே போனவர்கள், புதிய நிறுவனங்களைக் கட்டியெழுப்பிய முதல் தலைமுறையினர், வெளியே நின்றார்கள். 1993இல் டி.எஸ்.திருவேங்கடம் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த நாள் வரம்பு சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. 1967க்கு முன் போனவர்கள் அதற்குள் முதுமையடைந்துவிட்டார்கள். இத்தகைய வழக்குகளில் தீர்ப்பு வரும் வேகத்தையும் மனுதாரர்களின் வயதையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

இன்னொரு சிக்கல் மொத்தத் தொகையால் வந்தது. மாத ஓய்வூதியம் வேண்டாம், முழுவதையும் ஒரே தொகையாகத் தாருங்கள் என்று கேட்கும் விருப்பம் ஈர்க்கப்பட்டவர்களுக்கு இருந்தது. வீடு கட்டவும் மகளின் திருமணத்துக்குமாகப் பலர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சாதாரண ஓய்வூதியர் அன்று தம் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தொகையாக்க முடிந்தது. 15 ஆண்டுகள் கழித்து அந்தப் பங்கு மீண்டும் கிடைக்க வேண்டும் என்பது 1987இல் ‘காமன் காஸ்’ அமைப்பு தொடுத்த வழக்கில் உறுதியானது. முழுவதையும் தொகையாக வாங்கியவர்களோ ஓய்வூதியர்களே அல்லர் என்று ஒதுக்கப்பட்டார்கள். அவர்களின் நலச்சங்கம் உச்சநீதிமன்றம்வரை சென்று, 1995 டிசம்பரில் மூன்றில் ஒரு பங்கை மீட்கும் உரிமையைப் பெற்றது.

1984ஆம் ஆண்டின் குறிப்பாணை

பொதுத்துறை நிறுவனங்கள் ஒருபுறமிருக்க, அறிவியல் ஆய்வகங்கள், மத்தியப் பல்கலைக்கழகங்கள், வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் என்று அரசின் மானியத்தில் இயங்கும் தன்னாட்சி அமைப்புகள் பெருகியிருந்தன. ஓர் ஆய்வாளர் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும், அங்கிருந்து அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகத்துக்கும் போவது இயல்பானது. அறிவியலுக்கும் அது நல்லது. ஓய்வூதிய விதிகள் அதைத் தண்டித்தன.

1984 ஆகஸ்ட் 29 அன்று வெளியான குறிப்பாணை இங்கேதான் நுழைகிறது. ஓய்வூதியப் பிரிவுகளில் வேலை பார்த்த தலைமுறையினருக்கு இந்த நாள் மனப்பாடம். இதன்படி, ஓய்வூதியத் திட்டம் உள்ள அரசுத் துறையும் ஓய்வூதியத் திட்டம் உள்ள தன்னாட்சி அமைப்பும் ஒன்றின் பணிக்காலத்தை மற்றொன்று ஏற்கும். இது உறைந்த ஓய்வூதியம் அன்று. ஆண்டுகளே புதிய இடத்துக்கு வந்து, இறுதி ஊதியத்தில் கணக்கிடப்படும்.

அரசுகளுக்கிடையே ‘மொத்தத்தில் சரியாகிவிடும்’ என்று விட்டதுபோல் இங்கே விட முடியவில்லை. மானியத்தில் இயங்கும் சிறு நிறுவனம் ஒருவரின் 20 ஆண்டுச் சுமையை இலவசமாக ஏற்குமா? ஆகவே பழைய முதலாளி ஒரே தவணையில் தன் கடனைத் தீர்க்க வேண்டும் என்று ஆணை சொன்னது. ஊழியர் வெளியேறும் நாளில் அவருக்கு உரிய விகிதாசார ஓய்வூதியத்தைக் கணக்கிட்டு, ஓய்வூதியத்தைத் தொகையாக்கும் அட்டவணையைக் கொண்டு அதன் மூலதன மதிப்பைக் கண்டு, பணிக்கொடையோடு சேர்த்துப் புதிய முதலாளிக்கு அனுப்ப வேண்டும். அந்த அட்டவணை வயதுக்கு ஒரு பெருக்கெண் தருகிறது. அடுத்த பிறந்தநாளில் 59 வயதாகிறவருக்கு அன்றிருந்த எண் 10.46, மாதம் 100 ரூபாய் ஓய்வூதியத்தின் மதிப்பு 100 பெருக்கல் 12 பெருக்கல் 10.46, அதாவது ரூ.12,552. வயது குறையக் குறைய எண் கூடும், ஏனென்றால் நெடுங்காலம் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு பக்கம் வைப்பு நிதியும் மறுபக்கம் ஓய்வூதியமும் இருந்தால் ஊழியருக்கு இரண்டு வழிகள். நிறுவனம் செலுத்திய பங்கை வட்டியோடு வாங்கிக்கொண்டு, புதிய இடத்தில் முதல் நாளிலிருந்து தொடங்கலாம். அல்லது அந்தப் பங்கை வட்டியோடு ஒப்படைத்துவிட்டு ஆண்டுகளைக் கேட்கலாம். சேர்ந்த ஓராண்டுக்குள் எழுத்தில் விருப்பம் தெரிவிக்க வேண்டும். ஒருமுறை தந்த விருப்பம் இறுதியானது. 30 வயதில் கையில் வரும் தொகை பெரிதாகத் தெரியும். 60 வயதில் கிடைக்கக்கூடிய ஓய்வூதியம் கண்ணுக்குத் தெரியாது. பிற்காலத்தில் இந்தியாவெங்கும் நிர்வாகத் தீர்ப்பாயங்களுக்கு வந்த வழக்குகள் பல இந்த ஓராண்டைத் தவறவிட்டவர்களுடையவை. பின்னர், ஒப்புதல் தந்த மாநிலங்களைப் பொறுத்தவரை, மாநில அரசுகளின் தன்னாட்சி அமைப்புகளுக்கும் இந்த ஏற்பாடு நீட்டிக்கப்பட்டது.

வரையறைதான் இதில் வம்பு. மத்திய அரசின் மானியத்தாலோ தீர்வையாலோ முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ நடப்பதுதான் மத்தியத் தன்னாட்சி அமைப்பு. ‘பெரும்பகுதி’ என்றால் செலவில் பாதிக்கு மேல். சட்டப்படி அமைந்த வாரியமும் மத்தியப் பல்கலைக்கழகமும் இதில் அடங்கும். பொதுத்துறை நிறுவனம் அடங்காது என்று ஆணையே வெளிப்படையாகச் சொன்னது. எனவே அரசு வங்கி எழுத்தராக 9 ஆண்டுகள் இருந்தவர் வருமான வரித் துறைக்குப் போனால், வங்கி ஆண்டுகள் அவரோடு வராது. அவர் தேர்வெழுதி வந்தார், அனுமதியோடு வந்தார், இரண்டுமே அரசுக்குச் சொந்தமானவை என்பவை எடுபடாது.

வங்கிகளின் கதை தனியானது. அங்கே 1993 அக்டோபர் 29 அன்று ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பின்னரே, 1995ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் வழியாக ஓய்வூதியம் வந்தது. அதிலும் 22ஆம் ஒழுங்குமுறை, விலகினால் முந்தைய பணிக்காலம் பறிபோகும் என்ற பழைய 418ஆம் பிரிவின் குரலையே எதிரொலித்தது. 2004இல் யூகோ வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் விலகலும் ஓய்வும் வெவ்வேறு என்று கூறி அதை உறுதிசெய்தது.

இருப்புப்பாதைத் துறையிலும் 1957 நவம்பரில்தான் ஓய்வூதியம் அறிமுகமானது. அதற்கு முன் வைப்பு நிதியே. வைப்பு நிதியில் நீடித்தவர்கள் பின்னாளில் ஓய்வூதியத்துக்கு மாற மேலும் ஒரு வாய்ப்பு கேட்டுத் தொடுத்த கிருஷ்ணகுமார் வழக்கில் (1990), அவர்கள் ஓய்வூதியர்களிலிருந்து வேறான ஒரு வகுப்பு என்று உச்சநீதிமன்றம் கூறியது. வைப்பு நிதியில் முதலாளியின் கடமை ஓய்வு நாளோடு முடிகிறது, ஓய்வூதியத்தில் அன்றுதான் தொடங்குகிறது என்பது அதன் வாதம். திட்டங்களுக்கிடையே உரிமையை மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

ஒரு கடிதத்தின் விலை

உரிமை நீதிமன்றங்களில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கு, ஓய்வூதியம் அரசின் விருப்பத்துக்குட்பட்ட கருணைத்தொகை அன்று, ஊழியரின் சொத்துரிமை என்றது. 1982 டிசம்பர் 17 அன்று வந்த நகாரா தீர்ப்பு அதைப் பிற்காலத்துக்கு வைத்த ஊதியமாகவும் சமூகப் பாதுகாப்பாகவும் பார்த்தது. டிசம்பர் 17 இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அலுவலக மேசையில் நிலவரம் வேறு. அங்கே எல்லாம் நடைமுறை விலகல் எனப்படும் ஓர் ஏற்பாட்டைச் சுற்றியே நடந்தது.

விண்ணப்பம் உரிய வழியில், அதாவது துறைத் தலைவர் மூலம் போக வேண்டும். தடையின்மைச் சான்று வேண்டும். புதிய பணியில் சேரும் பொருட்டே விலகுவதாகக் கடிதத்தில் எழுத வேண்டும். விடுவிப்பு ஆணையிலும் அது பதிவாக வேண்டும். பணிப்பதிவேடு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும், ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதினாலும், 26ஆம் விதியின் முதற்பகுதி விழுங்கிவிடும். மேலதிகாரி விண்ணப்பத்தை அனுப்ப மறுத்ததால் நேரடியாக விண்ணப்பித்தவர்கள் உண்டு. ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினால் விரைவில் விடுவிப்பார்கள் என்று சக ஊழியர் சொன்னதைக் கேட்டவர்களும் உண்டு. இரண்டையும் 25 ஆண்டுகள் கழித்துத்தான், ஓய்வூதியக் கருத்துரு தயாராகும்போதுதான், கண்டுபிடிப்பார்கள். மத்தியப் பணியாளர் துறை இந்த விதிகளைத் தொகுத்து 2016 ஆகஸ்ட் 17 அன்று ஒரே குறிப்பாணையாக வெளியிட்டது. விடுப்பு இருப்பு, வைப்பு நிதி, பழைய பதவியின் மீதான உரிமை எல்லாம் அதில் ஒருங்கே கிடைக்கின்றன. இன்று அரசுப் பணியிலிருந்து இன்னோர் அரசுப் பணிக்குத் தேர்வெழுதும் இளைஞர்கள் விலகல் கடிதம் எழுதும் முன் படிக்க வேண்டியது அதைத்தான்.

2000 அக்டோபர் 1 அன்று தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவு பி.எஸ்.என்.எல். நிறுவனமானபோது, மலபாரும் நாகர்கோவிலும் 1956இல் கண்டது மாபெரும் அளவில் மீண்டும் நடந்தது. இலட்சக்கணக்கானோர் நகராமலேயே நிறுவன ஊழியரானார்கள். அவர்களுக்காக ஓய்வூதிய விதிகளில் 37-ஏ சேர்க்கப்பட்டது. அரசுப் பணிக்காலத்தையும் நிறுவனப் பணிக்காலத்தையும் கூட்டி அரசே ஓய்வூதியம் தரும் என்பது அதன் சாரம். தனி மனிதராக மாறியவருக்கு 1984இல் மறுக்கப்பட்டது, துறையாகவே மாறியபோது கிடைத்தது. தொழிற்சங்கங்களின் வலிமை இதில் பெரும் பங்கு வகித்தது என்றே கருத வேண்டும்.

ஆண்டுகளுக்குப் பதில் பணம்

2003 டிசம்பர் 22 அன்று வெளியான அறிவிக்கை, 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்வோருக்கு (படைப்பிரிவுகள் நீங்கலாக) தேசிய ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதற்கும் முந்திக்கொண்டு, 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைத்தது. புதிய முறையில் ஒவ்வொருவருக்கும் 12 இலக்க நிரந்தர எண்ணுடன் தனிக் கணக்கு. வேலை மாறினால் எண் மாறாது, பணம் கூடவே வரும். அரை நூற்றாண்டுச் சிக்கல் ஒரே வீச்சில் தீர்ந்ததுபோல் தோன்றியது. வேறொன்று தீர்ந்துபோனது: எடுத்துச் செல்ல இனி ஆண்டுகளே இல்லை. உறுதியான ஓய்வூதியம் இல்லாத இடத்தில் பணிக்காலத்தைக் கூட்டுவதற்கும் பொருளில்லை. மேலும், தமிழ்நாடு தன் திட்டத்தைத் தேசியக் கட்டமைப்போடு இணைக்காமல் தானே நடத்தியதால், எளிதான இடமாற்றம் என்ற அந்த ஒரு நன்மையும் இங்குள்ளவர்களுக்கு நேரடியாகக் கிட்டவில்லை.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையிலான கோட்டில்தான் இப்போது போராட்டம். 2004க்கு முன் ஓய்வூதியமுள்ள அரசுப் பணியில் இருந்து, அதன்பின் நடைமுறை விலகலுடன் இன்னொரு மத்தியப் பணிக்கு வந்தவர் பழைய திட்டத்திலேயே தொடரலாம். பழைய 418ஆம் பிரிவின் கதவு இங்கே ஒருவரின் முழு முதுமையையும் காக்கிறது. 2003 டிசம்பர் 22க்கு முன் விளம்பரப்படுத்தப்பட்ட பதவிகளில் பின்னர் சேர்ந்தவர்களும் பழைய திட்டத்தைக் கேட்கலாம் என்று 2023 மார்ச் 3 நாளிட்ட ஆணை ஒருமுறை வாய்ப்பளித்தது. அதற்கும் கெடு இருந்தது: 2023 ஆகஸ்ட் 31. இராஜஸ்தான் 2022இல் பழைய திட்டத்துக்குத் திரும்பியபோது, ஊழியர்களின் தனிக்கணக்குகளில் சேர்ந்த தொகையை மாநிலத்துக்குத் திருப்பித்தரச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு மறுத்தது. ஒரு தனி ஊழியருக்கு நேர்ந்துவந்த கதி ஒரு மாநிலத்துக்கே நேர்ந்தது.

2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஒரு விருப்பமாக வந்திருக்கிறது. 25 ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி; குறைந்தால் அந்த விகிதத்தில்; 10 ஆண்டு முடித்தவருக்குக் குறைந்தது மாதம் ரூ.10,000. இருபது ஆண்டுகள் பணத்தை மட்டும் எண்ணிய கணக்கில் ஆண்டுகள் மறுபடியும் நுழைந்துவிட்டன. 9 ஆண்டுகள் மாநிலப் பள்ளியில் இருந்துவிட்டு வரும் ஆசிரியர் அந்த 9ஐ 25இல் சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் போகிறார். அவருடைய விடுவிப்பு ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ ஓர் எழுத்தர் புரட்டிப் பார்ப்பார்.